தேரை பிடித்த வாரமும் சுப்புவின் கையெழுத்தும்

1

போன சனிக்கிழமை எனக்கு ஒரு தொப்பி பரிசாகக் கிடைத்தது. ஒரே வாரத்தில் பத்தொன்பது கிலோ தேரை பிடித்ததற்காக. இலங்கையில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கைபேசியில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்திருக்கும். இப்போது அந்தத் தொப்பி சமையலறை ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கரும்பு விளைகிற ஒரு சிறு ஊரின் ஓரம். இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடம். இரண்டு ஏக்கர் நிலம் சொந்தமாக வாங்கி இந்த மாதத்தோடு ஐந்து வருடம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கணவர் லொறி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் மதுவுக்குப் பதின்மூன்று வயது. தமிழைக் காதால் கேட்பாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி சுப்பு மட்டும் அதே லயத்தில், அதே காம்பராவில், மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான்.

2

தேரைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கரும்பை ஒரு வண்டு தின்றது. அந்த வண்டைத் தின்னட்டும் என்று கரும்புக்காரர்கள் ஒரு காலத்தில் கடல் கடந்து தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை வண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் தின்று பெருகியது. அதன் முதுகில் விஷம். கடித்த பாம்பு சாகிறது, உடும்பு சாகிறது, நாயும் சாகிறது. அதனால் வருடத்தில் ஒரு வாரம் ஊர் கூடித் தேரை பிடிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வாளி, கையுறை, டார்ச். சனிக்கிழமை காலை ஊர் மண்டபத்தில் நிறுவை.

எங்கள் நிலத்தின் கீழ்க்கோடியில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளம். தேரை முட்டையிட அதைவிட வசதியான இடம் இந்தத் தெருவில் இல்லையாம். அதற்காகத்தான் கிரேம் என்ற மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், இந்த வேலைக்கெல்லாம் அவர்தான் முன்னின்று நடத்துகிறவர்.

அவர் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, அகலத் தொப்பி, கையில் காகிதம் செருகிய பலகை. நான் வாசலிலிருந்து வரும் பாதையில் மம்பட்டியோடு நின்றேன். அவரைக் கண்டதும் என் கால்கள் தாமாகப் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றன. மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டேன். தலையில் கட்டியிருந்த துண்டையும் அவிழ்த்துவிட்டேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தோட்டத்தை நடத்துகிற தொரை மலைக்கு வந்தால் பாதையை விட்டு இறங்க வேண்டும். ஆனால் இது என் பாதை. உறுதிப்பத்திரம் அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அந்த மனிதரோ பாவம், நான் ஏன் புல்லில் இறங்கினேன் என்று தெரியாமல் அவரும் என் பின்னால் புல்லில் இறங்கிவிட்டார். இருவரும் ஈரப் புல்லில் நின்று பேசினோம்.

பலகையை நீட்டினார். கையெழுத்து எங்கே என்று கேட்டேன், விரலால் காட்டினார், போட்டேன். போட்ட பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. உள்ளே வைத்து வாசித்துவிட்டு நாளைக்குத் தந்தாலும் போதும் என்றார். பரவாயில்லை என்றேன். அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் அவருடைய ஆட்கள் எங்கள் நிலத்துக்குள் வந்து போகலாம், குளத்தில் பொறி வைக்கலாம் என்பதுதான் அதில் இருந்த சங்கதி. அதைப் பிறகு மதுதான் வாசித்துச் சொன்னாள். வாசிக்காமல் ஏன் போட்டாய் என்று கேட்டாள். எங்கள் பக்கம் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

3

கிரேம் வந்த அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே சுப்பு ஒரு காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

எங்கள் லயத்துக்குப் பின்னால், ஓடைச் சரிவில், தேயிலை நடாத ஒரு துண்டு நிலம். கல்லும் மானாப்புல்லுமாகக் கிடந்ததை அப்பாதான் வெட்டித் திருத்தினார். விடியலில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலையில் வேலை முடித்து வந்த பிறகு, மீதி வெளிச்சத்தில் செய்த வேலை. கல்லைப் பொறுக்கி அடுக்கி வரம்பு கட்டவே இரண்டு வருடம் ஆனது. பிறகு லீக்ஸ், கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. நான் ஹட்டனில் அறை எடுத்துத் தங்கி உயர்தரம் படித்தது அந்த லீக்ஸில். இங்கிலீஷ் படித்ததும் அதில். சுப்பு எட்டாம் வகுப்போடு நின்று மம்பட்டி எடுத்தான், நான் படித்தேன். இதைப் பச்சையாகச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அந்தத் துண்டையும் அதைப் போல மற்றவர்கள் திருத்திய துண்டுகளையும் பற்றித்தான் காகிதம். தோட்டத்து அலுவலகமான கந்தோரிலிருந்து பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. தமிழில் ஒரு வரி கிடையாது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

படத்தோடு குரல் பதிவும் அனுப்பியிருந்தான். "அக்கா, இத கொஞ்சம் வாசிச்சு சொல்லு. கந்தோருல கண்டாக்கய்யா சும்மா பதிவுக்குத்தான்னு சொல்றாரு. நீ சொன்னா போடுறேன், வேணாம்னா போடல."

நான் படத்தைத் திறந்தேன். மேலே கம்பனியின் பெயர், கீழே நெருக்கமான எழுத்து. கையில் இரப்பர் உறை, வாளியில் ஒன்பது தேரை. இரவு பார்க்கலாம் என்று மூடிவிட்டேன். இரவு மறந்துவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

4

அப்படி என்ன மறதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன், வெட்கத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடமாக இந்தத் தெருவில் ஒருவரும் எங்கள் வாசலுக்குள் வந்ததில்லை. கெட்டவர்கள் இல்லை. காரிலிருந்து கை காட்டுவார்கள், அதோடு சரி. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாத்திரம் கழுவி, நன்றி எழுதிய அட்டையோடு வேலிக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேரை வாரத்தில்தான் ஆட்கள் வந்தார்கள். எங்கள் குளக்கரையில் பின்னேரம் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், ரொட்டி சுட்டேன், காய்ந்த மிளகாயில் கட்டைச் சம்பல் இடித்தேன். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றார்கள். என் பெயரைச் சொல்லிப் பழகினார்கள். பரமேஸ்வரி என்பதை நான்காம் நாள் முழுதாகச் சொல்லிவிட்டார்கள்.

தேரை பிடிப்பதில் எனக்குக் கை ஓடும் என்பதும் அந்த வாரத்தில்தான் தெரிந்தது. கொழுந்து பறித்த கை. குனிந்து, பார்க்காமல், இரண்டு கையாலும் எடுக்க வரும். அந்த ஆட்கள் டார்ச்சை அடித்து, பேசி, திட்டம் போட்டு ஒன்றைப் பிடிப்பதற்குள் நான் ஐந்து பிடித்துவிடுவேன். மண்டபத்து வாசலில் வீட்டுப் பெயர்களையும் அன்றன்று பிடித்த எண்ணிக்கையையும் எழுதி வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டாம் இடம். அவ்வளவுதான், எனக்குப் பேய் பிடித்துவிட்டது.

மதுவுக்கும் அப்படித்தான். பள்ளி விடுமுறை வேறு. பிடித்த தேரையை முதலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தூங்க விட்டு, பிறகுதான் உறைய வைக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு வலிக்காது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். கொட்டகையில் இருந்த பழைய பெட்டியை அதற்கென்று கழுவி வைத்தோம். சாகடிக்கிறதற்கும் இந்த நாட்டில் ஒரு மரியாதை இருக்கிறது. குளத்தில் வைத்த பொறியைப் பற்றியும் சொன்னாள். பெரிய தேரையின் விஷத்தை எடுத்துத்தான் அதற்கு இரை செய்கிறார்களாம். தலைப்பிரட்டைகள் தங்கள் இனத்து வாசம் என்று தேடி வந்து மாட்டிக்கொள்ளும்.

"அதுங்க மேல தப்பு இல்ல அம்மா," என்று அன்று அபூர்வமாகத் தமிழில் சொன்னாள். "ஆனா அதுங்க இந்த ஊர் இல்ல."

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டம் போட்டவர்கள் வேலைக்கென்று கடல் கடந்து கொண்டுவந்தார்கள், பிறகு ஊர் வேண்டாம் என்றது. இதை வாசித்ததும் உங்களுக்கு வேறு ஒரு கதை ஞாபகம் வரும். வந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கொண்டுவர வேண்டாம். தேரை வண்டைத் தின்னவில்லை. இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்ட எங்கள் ஆட்கள் காட்டை வெட்டி, தேயிலை போட்டு, ரோட்டுப் போட்டு, ஒரு நாட்டுக்கே சோறு போட்டார்கள். ஒப்பிடுவதென்றால் ஒழுங்காக ஒப்பிட வேண்டும்.

5

வியாழக்கிழமை பின்னேரம் சுப்பு கூப்பிட்டான். அங்கே அவனுக்குக் கவ்வாத்து வேலை முடிந்து வருகிற நேரம். இங்கே மழை பெய்து விட்டிருந்தது, தேரை பிடிக்க அதைப் போன்ற நேரம் கிடையாது. குளக்கரையில் கிரேமும் மற்றவர்களும் நின்றார்கள். மது கைபேசியை என் காதில் வைத்துப் பிடித்தாள், என் கை இரண்டும் சேறு.

என்ன அக்கா பார்த்தாயா என்றான். பார்க்கிறேன்டா, இப்போது கொஞ்சம் வேலை, பிறகு பேசுகிறேன் என்றேன். என்ன வேலை என்று கேட்டான். தேரை பிடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றேன். சரி அக்கா, நீ பார் என்று வைத்துவிட்டான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அவனுக்கு என் மேல் கோபப்படத் தெரியாது.

அன்று மட்டும் இருபத்தாறு தேரை. முதல் இடத்துக்கு வந்துவிட்டோம்.

6

சனிக்கிழமை காலை மண்டபத்தில் நிறுவை. வீட்டுக்கு வீடு உறைந்த பைகளோடு வரிசையில் நின்றார்கள். கூரையிலிருந்து ஒரு தராசு தொங்கியது. அம்மாவோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்ற நாட்கள் அந்தத் தராசோடு சேர்ந்து வந்தன. அம்மா கூடையை மாட்டுவார், முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எழுதிவிடுவார். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார். அம்மா ஒரு நாளும் முள்ளைப் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

என் முறை வந்தது. தராசில் நின்ற பெண் பத்தொன்பது என்று எழுதினாள். நான் நகரவில்லை. ஈரத்துக்குக் கழிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பைக்கு, தண்ணீருக்கு, எவ்வளவு கழிப்பீர்கள் என்று மறுபடி கேட்டேன். எதற்குக் கழிக்க வேண்டும், நீங்கள் பிடித்தது உங்களுடையதுதானே என்று சிரித்தாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். நானும் சிரித்தேன்.

தொப்பியைக் கிரேம் என் தலையில் வைத்தார். கை தட்டினார்கள். மது படம் எடுத்தாள். படத்தை மலைக்கு அனுப்பலாம் என்று கைபேசியைத் திறந்தேன். சுப்புவின் குரல் பதிவு வெள்ளிக்கிழமையே வந்து கிடந்தது. தொப்பியோடு ஒரு மூலைக்குப் போய்க் காதில் வைத்தேன்.

"அக்கா, கையெழுத்து போட்டுட்டேன். நேத்து நீ சொல்லுவன்னு பாத்தேன். அன்னைக்கே நீலக் கோடு விழுந்துச்சு, நீ பாத்துட்ட. ஒண்ணும் சொல்லல. அப்ப பெரச்சின இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். மத்தவங்க எல்லாம், சுப்பு அக்காவுக்கு இங்கிலீசு தெரியும், அவன் போட்டா போடலாம்னு நின்னாங்க. நான் போட்டதும் அவங்களும் போட்டுட்டாங்க."

7

காரில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வாசித்தேன். வாசிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நாளாக அந்த நான்கு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கம்பனியின் காணியை அனுமதியில்லாமல் பிடித்து வைத்திருப்பதாக இதனால் ஒப்புக்கொள்கிறேன். கேட்ட அன்று வெறும் நிலமாகத் திருப்பித் தருவேன். பயிருக்கோ, வேலிக்கோ, கட்டிய வரம்புக்கோ எதுவும் கேட்க மாட்டேன். சாரம் இதுதான். அப்பா பொறுக்கி அடுக்கிய கல்லைத் திருட்டு என்று மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் பின்னால் பதினொரு குடும்பம்.

உடனே கூப்பிட்டேன். அங்கே விடிகிற நேரம், பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காகிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவன் மனைவி பின்னாலிருந்து என்னவாம் என்று கேட்டது எனக்குக் கேட்டது. கந்தோருக்குப் போய்த் திருப்பிக் கேள், வாசிக்காமல் போட்டேன் என்று சொல், தனியாகப் போகாதே, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ என்று படபடவென்று சொன்னேன். இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதி அனுப்பினேன். கொட்டகலை டவுனில் ஒரு கடையில் கொடுத்து அச்செடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் போயிருக்கிறார்கள். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காகிதம் கொழும்புக்குப் போய்விட்டது, இனி இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று பதில். போட்டபோது யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே என்று ஒரு கேள்வி வேறு. மாத முடிவுக்குள் துப்புரவாக்க வேண்டுமாம். லீக்ஸ் இன்னும் விரல் பருமன்கூட இல்லை. சுப்பு பிடுங்கத் தொடங்கிவிட்டான். அவன் போட்டதை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒரு வீட்டுக்காரர் அவனோடு பேசுவதை விட்டுவிட்டார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். அவர் முகத்தைத் திருப்ப வேண்டியது என்னைப் பார்த்துத்தான்.

மது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஆட்கள் அங்கே எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து ஆறு தலைமுறை என்றேன். அப்படியானால் அது அவர்கள் ஊர்தானே, இதில் என்ன சந்தேகம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லப் போய் எனக்கு எரிச்சல்தான் வந்தது, போய்க் கொட்டகையைக் கழுவு என்று விரட்டிவிட்டேன். அவள் மேல் என்ன தப்பு. பிறகு நானே போய் அவளோடு சேர்ந்து கழுவினேன்.

8

நேற்றுப் பின்னேரம் கிரேம் வீட்டுக்கு நடந்து போனேன். என் கையெழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், எங்கள் நிலத்துக்குள் இனி யாரும் வரக்கூடாது என்றேன். அதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எங்காவது ஓரிடத்தில், போட்ட கையெழுத்தை எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. முடியாது என்று அவர் சொல்ல வேண்டும் என்றும் ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பலகையைக் கொண்டுவந்தார். என் காகிதத்தை உருவி என் கையிலேயே கொடுத்தார். உங்கள் இடம், உங்கள் விருப்பம் என்றார். நாளைக்கே வந்து பொறியை எடுத்துக்கொள்கிறோம், எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு வசதி என்று கேட்டார். பிறகு, உங்கள் ரொட்டியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். கையெழுத்தைத் திருப்பி எடுக்க ஒரு நிமிட வேலை.

வந்ததும் சுப்புவைக் கூப்பிட்டேன். பிடுங்கிய லீக்ஸைக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். சின்னதாக இருப்பதால் ஹட்டனில் எடுக்க மாட்டேன் என்கிறார்களாம், லயத்தில் வீட்டுக்கு வீடு கொடுக்கப் போகிறானாம். பேசாத அந்த வீட்டுக்கும் ஒரு கட்டு வைத்திருக்கிறானாம். அதற்கு மேல் மறைக்க எனக்கு முடியவில்லை. அந்த வாரம் வந்த ஆட்கள் யார், நான் செய்த வேலை என்ன, தொப்பி, பத்தொன்பது கிலோ, கிரேமின் காகிதம், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

அவன் தொப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிரேம் காகிதத்தைத் திருப்பித் தந்ததைத்தான் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டான்.

"தேரய புடிக்கக்கூட ஒங்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வாராங்களா அக்கா?"

ஆமாம்டா என்றேன்.